பழைய டொமைனை என்ன செய்தீர்கள்? – இணையம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், வாங்குவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாங்கியதைப் பற்றி இல்லை, மாற்றியதைப் பற்றி. மாற்றிவிட்டு, கூகுளில் காணாமல் போய், அதன் பிறகு எனக்கு எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து ஆன்லைனில் விற்கிறேன். தளத்தின் பெயர் நீளமாக இருக்கிறதென்று சின்னதாக ஒரு டாட் காம் வாங்கி மாறினோம். பழையதைத் திறந்தால் புதியதற்குப் போகிற மாதிரி அக்கா பையன் செய்து கொடுத்தான். மூன்று வாரம் ஆகிறது. முன்பு கூகுளில் தேடினால் முதல் பக்கத்திலேயே வருவோம், இப்போது எங்கேயும் இல்லை. ஆர்டர் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பழைய பெயருக்கே திரும்பிவிடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

திரும்ப வேண்டாம். திரும்பினால் அதுவும் இன்னொரு இடமாற்றம்தான், கூகுள் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்து வரவேண்டும். நீங்கள் எழுதியனுப்பிய பழைய முகவரிகளில் ஆறேழைத் திறந்து பார்த்தேன். இட்லிப் பொடிப் பக்கம், ரசப் பொடிப் பக்கம், 'பருப்புப் பொடி எத்தனை நாள் கெடாமல் இருக்கும்' என்று நீங்கள் எழுதிய கட்டுரை, எதைத் தட்டினாலும் புதிய தளத்தின் முகப்பில் போய்த்தான் நிற்கிறது. சிக்கல் அங்கேதான்.

கூகுள் தன் இண்டெக்ஸில், அதாவது தேடல் பட்டியலில், வைத்திருப்பது உங்கள் கடையை அல்ல, கடையின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக. இட்லிப் பொடிப் பக்கம் அதற்கென்று ஒரு பெயர் சம்பாதித்து வைத்திருக்கிறது, யாரோ சமையல் எழுதுகிறவர் அதற்கு இணைப்புக் கொடுத்திருப்பார், யாரோ அங்கேயே நின்று படித்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை முகப்புக்குத் திருப்பிவிட்டால் கூகுள், இது அந்தப் பக்கமே இல்லையே, பழையதை எடுத்துவிட்டார்கள் போல என்று முடிவு கட்டிவிடும். பக்கம் இல்லை என்று சர்வர் சொல்லும் எண் 404, சர்வர் சொல்லாமலே கூகுள் அப்படி எடுத்துக்கொள்கிற இதற்கு 'சாஃப்ட் 404' என்று பெயர். நீங்கள் வழி காட்டியதாக நினைக்கிறீர்கள், அது பக்கத்தையே அழித்த கணக்கில் எழுதிக்கொள்கிறது.

அக்கா பையனிடம் சொல்லுங்கள்: பழைய இட்லிப் பொடி புதிய இட்லிப் பொடிக்கு, பழைய ரசப் பொடி புதிய ரசப் பொடிக்கு, ஒன்றுக்கு ஒன்று. உள்முகவரிகளை மாற்றாமல் டொமைன் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் இது சர்வரில் ஒரே ஒரு விதிதான், ஐந்து நிமிட வேலை. மாற்றியிருந்தால் உட்கார்ந்து பட்டியல் போடவேண்டும். இப்போது விற்பதே இல்லை என்கிற பொருளா, அதை அப்படியே 404 ஆக விட்டுவிடுங்கள், முகப்புக்குத் தள்ளாதீர்கள்.

அப்புறம், பழையதிலிருந்து புதியதற்கு அனுப்ப அவர் போட்ட ரீடைரக்ட் 301-ஆ 302-ஆ என்று கேளுங்கள். 301 என்றால் நிரந்தரமாகப் போய்விட்டோம், 302 என்றால் கொஞ்ச நாளைக்குத்தான், திரும்பி வருவோம். தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்களான ப்ளக்-இன்கள் சிலவற்றில் முன்னிருப்பாகவே 302 இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. திரும்பி வருவோம் என்று சொன்னவரை நம்பிக் கூகுள் பழைய முகவரியையே வைத்துக்கொண்டு காத்திருக்கும். ரீடைரக்ட் போட்டால் 15 சதவீத மதிப்பு போய்விடும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அதை விட்டுத்தள்ளுங்கள், 30-இல் தொடங்கும் எந்த ரீடைரக்டிலும் பேஜ்ரேங்க், அதாவது இணைப்புகளை வைத்துக் கூகுள் ஒரு பக்கத்துக்குத் தரும் மதிப்பு, குறைவதில்லை என்று கூகுள்காரர்களே 2016-இல் சொல்லிவிட்டார்கள். ஆனால் சங்கிலி போடாதீர்கள். பழைய ஹெச்டிடிபி முகவரி அதன் பாதுகாப்பான வடிவமான ஹெச்டிடிபிஎஸ்-க்கு, அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ-வுக்கு, அங்கிருந்து புதியதற்கு என்று மூன்று முறை மாற்றிவிட வேண்டியதில்லை. பக்கங்களைப் பார்த்து வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பத்துத் தாவல் வரை தாவும்தான், அதற்காக நாம் அதை அலைய விடவேண்டுமா?

அதெல்லாம் சரியான பிறகு, சரியான பிறகு மட்டும், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலுக்குப் போங்கள். பழைய டொமைன், புதிய டொமைன் இரண்டும் ஒரே கூகுள் கணக்கில் உங்கள் உடைமையாகச் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். பழையதன் செட்டிங்ஸில் முகவரி மாற்றம் என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் புதியதைத் தேர்ந்தெடுத்தால் முதலில் ரீடைரக்டைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்ளும். அதிலிருந்து 180 நாள் வரை பழையதன் அடையாளங்களைப் புதியதற்குக் கொண்டுசேர்க்க அது உதவும். புதிய தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் புதிய தளத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும், அசல் முகவரி எது என்று சொல்லும் கெனானிக்கல் குறிச்சொல் இன்னும் பழைய டொமைனையே காட்டுகிறது. அதாவது பழைய பக்கம் 'நான் அங்கே போய்விட்டேன்' என்கிறது, புதிய பக்கம் 'அசல் அங்கேதான் இருக்கிறது' என்று திருப்பிக் காட்டுகிறது. கூகுள் பாவம், எதை நம்பும்? கெனானிக்கல், மெனு, கட்டுரைக்குள் இருக்கும் இணைப்புகள், படங்களின் முகவரி எல்லாவற்றிலும் பழைய பெயரைத் தேடி மாற்றச் சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? நடுத்தர அளவுத் தளத்துக்கே சில வாரங்கள் என்று கூகுள் சொல்கிறது, உங்களுடையது அதைவிடச் சிறியது. ஆனால் அந்த வாரங்களை ரீடைரக்ட் சரியான நாளிலிருந்து எண்ணுங்கள், போன மூன்று வாரம் கணக்கில் வராது. இடையில் தளத்தின் டிசைனையும் சேர்த்து மாற்றலாமே என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள். இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் 2013-இல் டாட் கோ டாட் யூகே முகவரியிலிருந்து டாட் காமுக்கு மாறியது. அதற்கு முன்பு அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் பழைய இணைப்பு எங்காவது கிடைத்தால் தட்டிப் பாருங்கள், முகப்பைக் காட்டாது, அதே கட்டுரையைத்தான் திறக்கும். நாம் செய்யவேண்டியதும் அவ்வளவுதான்.

டொமைன் மாற்றி ஒரு மாதம். தளத்தின் பெயருக்கு முன்னால் 'சைட்' என்று போட்டுக் கூகுளில் தேடினால் பழைய தளத்தின் பக்கங்கள் இன்னும் வருகின்றன. கடுப்பாகி, பழைய தளத்தை ரோபாட்ஸ் கோப்பில் மொத்தமாகத் தடுத்துவிட்டேன். சர்ச் கன்சோலில் நீக்கும் கருவியையும் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

முதலில் அந்தத் தடையை எடுங்கள், மீதியைப் பிறகு படியுங்கள்.

எடுத்தாயிற்றா? சரி. தேடுபொறிகள் எங்கே வரலாம், வரக்கூடாது என்று சொல்வதுதான் ரோபாட்ஸ் கோப்பு, அதில் தடுத்தால் கூகுள்பாட் பழைய பக்கத்துக்குள்ளேயே வராது. வராவிட்டால் நீங்கள் அங்கே போட்டு வைத்திருக்கும் ரீடைரக்டை எப்படிப் பார்க்கும்? நீக்கும் கருவியும் உதவாது. அது சுமார் 6 மாதத்துக்குத் தேடல் முடிவுகளிலிருந்து மறைக்குமே தவிர, மதிப்பைப் புதிய பக்கத்துக்கு மாற்றாது. 'சைட்' தேடலில் பழைய முகவரி மாதக்கணக்கில் தெரிவது சகஜம், பழைய டொமைனையே கேட்டுத் தேடுகிறீர்கள், அதுவும் காட்டுகிறது. சாதாரண ஆள் தேடுவது போலத் தேடிப் பாருங்கள், புதியது வருகிறதா என்பதுதான் முக்கியம். கன்சோல் அறிக்கையில் பழைய பக்கங்களுக்கு எதிரே ரீடைரக்ட் உள்ள பக்கம், இண்டெக்ஸ் செய்யப்படவில்லை என்று சாம்பல் நிறத்தில் வரும். அது பிழை இல்லை, வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

2009-இல் இருந்து பிளாக்ஸ்பாட்டில் இலக்கணக் குறிப்புகள் எழுதி வருகிறேன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சொந்த டொமைன் வாங்க ஆசை. பதினைந்து வருட உழைப்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மேலும் என் பழைய பதிவுகளுக்குள் நானே கொடுத்த இணைப்புகள் சில திறக்கவில்லை.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ஐயா, பிளாக்ஸ்பாட்டை நடத்தும் பிளாகரிலேயே இருந்துகொண்டு டொமைனை மட்டும் மாட்டுவதென்றால் பயமே வேண்டாம். செட்டிங்ஸில் சொந்த டொமைனைக் கொடுத்து, டொமைன் விற்றவரின் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது டொமைன் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று எழுதும் இடத்தில், பிளாகர் சொல்லும் இரண்டு சி-நேம் பதிவுகளைச் சேர்த்துவிட்டால் போதும். பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களைப் பதிவுக்குப் பதிவு பிளாகரே புதியதற்கு அனுப்பும். மறக்காமல் ஹெச்டிடிபிஎஸ் இரண்டையும், அதாவது கிடைக்கச் செய்வதையும் திருப்பி அனுப்புவதையும், இயக்கிவிடுங்கள். பிளாகரை விட்டு வேர்ட்பிரஸ் மென்பொருளுக்குப் போவது வேறு கதை. பிளாகரில் சர்வர் உங்கள் கையில் இல்லை, 301 போட முடியாது, டெம்ப்ளேட்டுக்குள் நிரல் எழுதிச் சமாளிக்க வேண்டும். அதற்கும் முதலில் சொந்த டொமைனைப் பிளாகரில் மாட்டி, கூகுள் அதற்குப் பழகிய பிறகு அதே டொமைனை எடுத்துக்கொண்டு வேர்ட்பிரஸுக்குப் போவதுதான் தலைவலி குறைந்த வழி.

திறக்காத இணைப்புகளின் முடிவைப் பாருங்கள், பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று இருக்கும். 2012-இலிருந்து சில வருடம் கூகுள் இந்தியாவில் இருந்து படிப்பவர்களை அந்த முகவரிக்குத் திருப்பிவிட்டது. உலாவியில் தெரிந்ததை நாம் எல்லோரும் நகலெடுத்து ஒட்டினோம், நானும்தான். 2018-இல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள், 2020-இல் அந்த டொமைனே கூகுள் கையை விட்டுப் போய்விட்டது. உங்கள் பதிவுகளில் தேடி டாட் இன் என்பதை டாட் காம் ஆக்குங்கள், திறக்கும். தமிழ் இணையத்தில் இப்படி அறுந்து கிடக்கும் இணைப்புகள் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் தளத்தில் முகவரிகளே தமிழில் இருக்கும். புதிய டொமைனுக்கு மாறியதும் ஆங்கில முகவரிகள் ஒழுங்காகப் போகின்றன, தமிழில் உள்ளவற்றில் பல 404. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பைத்தியம் பிடிக்கிறது.
– ஒரு வாசகர், மதுரை

எனக்குப் பிடித்த கேள்வி. கண்ணுக்கு ஒன்றாக இருப்பது கணினிக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். ஓகாரமும் ஔகாரமும் அப்படித்தான். பழைய எழுத்துரு மாற்றிகளில் போட்டு எடுத்தவை, சில தட்டச்சுக் கருவிகளில் அடித்தவை இரண்டு குறியாக இருக்கும். புதிய தளத்தில் தலைப்பை வேறொருவர் மறுபடி அடித்திருந்தால் அது ஒரு குறியாக வந்திருக்கும். சர்வருக்கு இரண்டும் வேறு வேறு முகவரி. 404 வருகிறவற்றில் ஒகர ஓகாரம் உள்ளவை அதிகமா என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு சந்தேகம், நீங்கள் வேர்ட்பிரஸ் என்றால். முகவரியில் தமிழ் போனால் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகளும் எண்ணும் எழுத்துமாக 9 எழுத்துக்கு விரியும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள், ஆக 45 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்கு வைத்திருக்கும் இடமோ 200 எழுத்து. 22 குறிகளோடு கதை முடிந்தது, அதற்கு மேல் நீளமான தலைப்பு பாதியில் வெட்டப்படும். பழைய தளம் வேறு மென்பொருளில் இருந்து அங்கே முழுதாக இருந்தால், இங்கே வெட்டுப்பட்டது அதோடு எப்படிப் பொருந்தும்? பழையதன் முகவரிப் பட்டியலைப் பழைய சைட்மேப்பிலிருந்து எடுத்து, புதியதை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, பதிவு எண்ணை வைத்துப் பொருத்துங்கள். தலைப்பை வைத்துப் பொருத்தினால் மறுபடி இதே குழியில்தான் விழுவீர்கள். இனி எழுதுபவற்றுக்கு இரண்டு மூன்று சொல்லில் சின்ன முகவரி வையுங்கள், தமிழிலேயே வையுங்கள், கூகுளுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

மாறி ஒரு வருடம் ஆகிறது, எல்லாம் நன்றாகப் போகிறது. பழைய டொமைன் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வருகிறது. விட்டுவிடலாம்தானே?
– ஒரு வாசகர், புதுச்சேரி

விடாதீர்கள். ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள் என்று கூகுள் சொல்வது கூகுளின் வேலைக்காக. மனிதர்களுக்கு அது போதாது. உங்கள் பழைய பில், விசிட்டிங் கார்டு, யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிய இணைப்பு எல்லாம் இன்னும் பழைய பெயரில்தான் இருக்கிறது.

நான் இதில் அடிபட்டவன். சின்னதாக ஒரு தளம் வைத்திருந்தேன், பெயர் மாற்றினேன், இரண்டு வருடம் கழித்துப் பழைய டொமைனைக் காலாவதியாக விட்டேன். டாட் காம் போன்றவற்றில் காலாவதி ஆனதும் உடனே போய்விடாது, பதிவாளரைப் பொறுத்துக் கொஞ்ச நாள் அவகாசம், பிறகு கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள், அதன் பிறகு 5 நாளில் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். எனக்கு நினைவூட்டல் வந்த மெயில் பெட்டியையே நான் திறப்பதில்லை. ஒரு நாள் நண்பர் போன் செய்து, "என்னய்யா, ரம்மி விளையாட்டு ஆரம்பிச்சுட்டியா?" என்றார். அவருடைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் பழைய முகவரி அச்சாகியிருக்கிறது. ஆயிரம் பிரதியிலும். இப்படிக் காலாவதியான டொமைன்களின் நல்ல பெயரை வைத்துப் பிழைப்பதைக் கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பாம் விதிகளில் சேர்த்தது, ஆனால் புத்தகத்தில் அச்சானதை விதி என்ன செய்யும்?

இதைவிட மோசமானது மெயில். பழைய டொமைனில் மெயில் முகவரி வைத்து ஃபேஸ்புக், வங்கி, அது இது என்று பதிந்திருப்பீர்கள். டொமைனை வாங்குகிறவர் அதே பெயரில் மெயில் பெட்டி திறந்து, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று தட்டினால் போதும். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு பேர் பிரியாணி சாப்பிடும் காசுதான், கட்டிவிடுங்கள்.

24 மணி நேரத்தில் 300 தேடுபொறிகளில் சேர்த்துத் தருவதாக ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார். புதிய டொமைனுக்குத் தேவையா?
– ஒரு வாசகர், திருப்பூர்

முந்நூறில் ஒரு பத்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கூகுளுக்கு சர்ச் கன்சோல், பிங்குக்கு அதன் வெப்மாஸ்டர் கருவி, இரண்டும் இலவசம். பிங், யாண்டெக்ஸ் போன்றவற்றுக்கு முகவரி மாறியதை உடனே தெரிவிக்க இண்டெக்ஸ்-நவ் என்ற முறை 2021-இல் வந்தது, அதுவும் இலவசம்தான். பக்கங்களைக் கூகுளுக்கு நேரடியாகத் தெரிவிக்கும் இண்டெக்சிங் ஏபிஐ வைத்துச் செய்கிறேன் என்று சொன்னால், அது வேலைவாய்ப்பு அறிவிப்புக்கும் நேரலை வீடியோவுக்கும் மட்டும் கொடுக்கப்பட்டது என்று அவருக்கு நினைவூட்டுங்கள்.

புதிய டொமைன், 301, சைட்மேப், முகவரி மாற்றம், நீங்கள் சொல்கிற எல்லாம் செய்தாயிற்று. இரண்டு மாதமாகியும் புதிய தளத்தில் ஒரு பக்கம்கூட கூகுளில் இல்லை. ஒன்றுகூட!
– ஒரு வாசகி, கொழும்பு

ஒன்றுகூட இல்லை என்பதுதான் துப்பு. மெதுவாகச் சேர்வது வேறு, அறவே சேராதது வேறு. யாரோ கதவைத் தாழ் போட்டிருக்கிறார்கள். வேர்ட்பிரஸ்தானே? செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங், கடைசியில் தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு சின்னக் கட்டம். தளத்தைக் கட்டும்போது டெவலப்பர் அதில் டிக் போட்டிருப்பார், போடவும் வேண்டும், அரைகுறைத் தளம் கூகுளுக்குப் போகக்கூடாதே. திறந்த அன்று எடுக்க மறந்திருப்பார். அந்த டிக் இருக்கும்வரை ஒவ்வொரு பக்கமும் நோ-இண்டெக்ஸ், அதாவது என்னைச் சேர்க்காதே என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நானே ஒருமுறை பதினொரு நாள் அப்படி விட்டுவைத்துவிட்டு ஹோஸ்டிங்காரரோடு சண்டை போட்டேன், பிறகு மன்னிப்பும் கேட்டேன்.

அது இல்லையென்றால் கன்சோலில் மேலே உள்ள பெட்டியில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து நேரலைச் சோதனை நடத்துங்கள், எது தடுக்கிறது என்று அதுவே சொல்லும். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை, டொமைனும் யாரிடமிருந்தோ வாங்கிய பழைய சரக்கு என்றால், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அது முன்பு என்னவாக இருந்தது என்று பாருங்கள். கன்சோலில் மேனுவல் ஆக்ஷன்ஸ் பகுதியையும் திறந்து பாருங்கள். முந்தையவர் செய்த வினைக்குத் தண்டனை அங்கே எழுதியிருந்தால், தளத்தைச் சுத்தம் செய்து மறுபரிசீலனை கேட்கலாம்.

நேம்சர்வர் மாற்றிய நாளிலிருந்து பழைய முகவரிக்கு மெயிலே வருவதில்லை. கூகுளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

இல்லை. நேம்சர்வர் என்பது டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் இடம். அதை மாற்றும்போது, மெயில் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் பழைய எம்எக்ஸ் பதிவுகள் கூடவே வராது, புதிய இடத்தில் நீங்கள்தான் மறுபடி எழுதவேண்டும். பழைய ஹோஸ்டிங் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால் அதன் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து எம்எக்ஸ், டிஎக்ஸ்டி வரிகளை அப்படியே நகலெடுங்கள். இந்த இதழ் கைக்கு வந்த அன்றே செய்யுங்கள், கணக்கு முடிந்துவிட்டால் அந்த வரிகளைத் தேடி எடுப்பது பெரும்பாடு.